பன்னிரண்டு குடம் நல்ல தண்ணீர்

தளப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, ரோலர் காங்கிரீட் சாலைகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். அளவுகளும் விகிதங்களும் உங்கள் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதப்போவதில்லை. முதுகுவலியால் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தினமும் நேரம் குறித்து நோட்டு எழுதிவந்திருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு திங்கட்கிழமைக் காலையில் நான் செய்த தவற்றை எழுதுகிறேன். அந்தத் தவறு எந்தக் கையேட்டிலும் இல்லை.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைச் சுவரைத் தாண்டி ஏரிப்பக்கம் திரும்பினால் ஒரு சிறுபாலம் வரும். பாலத்திலிருந்து மீனவர் குப்பம் ஒன்றின் படகுத்துறை வரை எண்ணூறு மீட்டர் சாலை. அதற்கு முன் அங்கே கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் சாலை இருந்தது. அதைப் போட்டவர் ஏரித் தண்ணீரையே இறைத்துக் கலவையில் ஊற்றியிருக்கிறார். உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்து உப்பி, சாலை பொருக்குப் பொருக்காக வெடித்துவிட்டது. அதனால்தான் எங்கள் முறைக்கு ரோலர் காங்கிரீட் என்று முடிவானது. அதில் கம்பியே இல்லை. துருப்பிடிக்கவும் எதுவும் இல்லை.

இந்த வேலையை நேரில் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. சாதாரணக் காங்கிரீட் குழைந்து ஓடும். இது ஓடாது, ஈரமண் போல லாரியிலிருந்து உதிரும். பேவர் இயந்திரம் பரப்பும், பின்னாலேயே ரோலர் ஏறி இறுக்கும். கலந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் கலவை செத்துவிட்டது என்போம். சரியாக உருட்டிவிட்டால் இரண்டு நாளில் சின்ன வண்டியை ஓட்டலாம். லாரிகள் புதுத் தளத்தின்மேல் ஏறக்கூடாது என்பதால், படகுத்துறையில் தொடங்கிப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். ஆகவே கலவை குறைந்தால் பள்ளம் விழுவது பாலத்தடியில், அதாவது ஊரின் வாசலில்.

அந்த இரண்டு நாள் கணக்கை நம்பித்தான் ஊர்த் தலைவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். ஏரியில் இறால் ஓடும் இடங்களை அங்குள்ள ஊர்கள் சீட்டுப் போட்டு, நாள் பிரித்து, முறை வைத்துக்கொள்கின்றன. பாடு என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் இந்த ஊரின் பாடு புதன்கிழமை வந்தது. அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் இறால் ஓட்டம் நின்றுவிடும். சாலையைத் தோண்டிப் போட்டிருந்த நாளில் முந்தைய பாடு வந்தபோது, ஐஸ் வண்டி பாலத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. பெண்கள் எண்ணூறு மீட்டரும் வெயிலில் கூடை சுமந்தார்கள். வந்து சேர்வதற்குள் இறாலின் தலை கறுத்து, பாதிக் கூடையை வண்டிக்காரர் திருப்பிவிட்டார். இந்த முறை வண்டி துறைக்கே வரும் என்று சொல்லியிருந்தேன்.

தலைவரிடமும் அவரோடு உட்கார்ந்திருந்த ஆண்களிடமும் வரைபடம் விரித்து விளக்கியிருந்தேன். பாலத்தருகே அறிவிப்புப் பலகையும் வைத்திருந்தேன். தினமும் அந்தச் சாலையில் நடப்பவர்கள் பெண்கள். அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மா என்று ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால் தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் துழாவிப் பிடிப்பவர். துறையில் அவர் பேச்சுதான் எடுபடும். வெள்ளிக்கிழமை பேவர் அருகே வந்து நின்றார்.

"இன்னா சாரு, புட்டுக்கு மாவு பெசறி வெச்ச மாரி கீது? தண்ணியே காட்ட மாட்டீங்களா?"

"இதுக்கு இவ்வளவுதாம்மா தண்ணி" என்றேன்.

"போட்டு முட்ச்சப்புறம் மேல மட்டும் லாரி வெச்சி தெளிக்கிறீங்க?"

"அது வேற. அது காயாம இருக்கறதுக்கு."

"அது சரி. உள்ள இல்லாததுக்கு மேல தெளிச்சி இன்னா?" என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அன்றைய குறிப்பில் அந்தப் பேச்சை எழுதிக்கூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை பாக்கி இருந்தது அறுபது மீட்டர். ஒரு லோடுக்குப் பத்து மீட்டர், ஆறு லோடு. ஆறாவதோடு கலவை தயாரிக்கும் பிளான்ட் வேறு வேலைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமைக்கு முன் திரும்பி வராது. முதல் இரண்டு லோடும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது 9.18க்குக் கலந்தது. 9.50க்குப் பரப்பி முடித்தோம். ஐந்தாவதும் ஆறாவதும் உறுதியாக வருமா என்று கேட்க வேண்டியிருந்தது. கல்லறைச் சுவர் வரை போனால்தான் அங்கே செல்போனுக்கு உயிர் வரும். 9.52க்குக் கிளம்பினேன். கிளம்பும்போது ரோலர் ஓட்டுநர் முனுசாமியிடம், "நான் வராம ரோலர எடுக்காதீங்க" என்று சொன்னேன்.

ரோலரின் ஒவ்வொரு ஓட்டத்தையும் கூடவே நடந்து பார்ப்பது என் வழக்கம். அந்த வழக்கத்தில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருந்தால் முனுசாமி பத்து நிமிடத்தில் உருட்டி முடித்திருப்பார். கெடுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

10.09க்குத் திரும்பினேன். பரப்பிய கலவையில் எட்டு மீட்டர் பளபளவென்று நனைந்து கிடந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. ரோலரின் மேல் முனுசாமி, பெஞ்சில் ஏறி நிற்கச் சொன்ன பிள்ளையைப் போல் விழித்துக்கொண்டிருந்தார்.

"யார் ஊத்தினது?"

"நாங்கதான்" என்றார் அந்தோணியம்மா. முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. "பன்னெண்டு கொடம். குடிக்க வெச்ச தண்ணி. ஊர்ல தண்ணி இல்லாங்காட்டி நீங்களும் கொறச்சிக்கிறீங்கனு தெரியும். எங்க ரோட்டுக்கு நாங்க குடுக்கறோம்."

குப்பத்தில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கரில் வரும். அன்று வராத நாள். அது அப்போது என் மூளையில் ஏறவில்லை. நான் கத்தினேன்.

"கொஞ்சமாவது அறிவு இருக்கா உங்களுக்கு?"

"அறிவு இருக்கங்காட்டிதான் ஏரித்தண்ணிய ஊத்தாம நல்ல தண்ணிய ஊத்துனோம்."

ரோலருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இருபது பேர் இருக்கும். 10.14க்கு நாலாவது லோடு பாலத்தில் வந்து நின்றது. அதோடு வந்த பிளான்ட் சீட்டில் கலந்த நேரம் 9.50.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும், எதிரே இருப்பவர்களின் முகம் தெரியாது. நான் முதலில் செய்தது பிரசங்கம். பாலத்தடியில் தோண்டும்போது சிறு செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்புமாகப் போட்ட ஒல்லாந்தர் காலத்துத் தரை ஒன்று அகப்பட்டிருந்தது. தோண்டும் இயந்திரத்தின் பல்லே மழுங்கிப்போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. அதை எடுத்துச் சொன்னேன்.

"அதுல கம்பி இருந்துதா? கொழகொழன்னு ஊத்தினானா? கெட்டியா போட்டு இடிச்சுதானே இறுக்கினான்? எத்தன தலமுறையா கெடக்குது, பாத்தீங்களா?"

அந்தோணியம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒல்லாந்துக்காரன் இங்கியே குடியிருந்தான், சாரு. இங்கியே செத்தான். தோ, அங்கதான் பொதச்சி கீது. நீ சனிக்கெழமயானா ஊட்டுக்குப் பூட்ற."

அது நியாயமான பேச்சு என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. போன சாலையைப் போட்டவரும் இப்படித்தான் பேசிவிட்டுப் போயிருப்பார்.

அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு திரும்பியது. நனைந்த எட்டு மீட்டர் எப்படியும் போனதுதான். போனதை வைத்தாவது காட்டலாம் என்று தோன்றியது. லாரியிலிருந்து ஒரு சட்டி கலவையைக் கொண்டுவரச் சொல்லி அந்தோணியம்மாவின் முன் வைத்தேன்.

"புட்டு மாவுன்னு நீங்கதானே சொன்னீங்க. கேவுரு மாவு பெசறி பதம் பாக்கற மாதிரி இத பாருங்க."

அவர் முறைத்துவிட்டு ஒரு கை அள்ளினார். இறுக்கிப் பிடித்துத் திறந்தார். கொழுக்கட்டை போல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார், உதிர்ந்தது. உள்ளங்கையைப் பார்த்தார். ஈரம் மட்டும் இருந்தது, பூச்சு இல்லை.

"இப்ப நீங்க தண்ணி ஊத்தின எடத்துல அள்ளுங்க."

அள்ளினார். விரலிடுக்கில் சாம்பல்நிறமாக வழிந்து முழங்கை வரை ஓடியது.

"கஞ்சி" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

அந்தோணியம்மா உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "புட்டு ஆவில வேவும். இது எதுல வேவும்?"

என் வாழ்நாளில் எந்த மேலதிகாரியும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. "அதுக்குள்ள இருக்கற ஈரத்துலயே வேவும்மா. அந்த ஈரம் வெளிய போயிடக்கூடாதுன்னுதான் ஏழு நாள் மேல தண்ணி தெளிக்கிறது. உள்ள தண்ணி அதிகமானா, அது காஞ்சு போற எடமெல்லாம் ஓட்ட ஓட்டயா நிக்கும். ரோலரும் ஏறாது. பாக்கறீங்களா?"

அவர்களை எழச் சொன்னேன். எழுந்தார்கள். முனுசாமி நனைந்த பகுதியில் ரோலரை ஒரு முழம் ஏற்றினார். முன்னால் கலவை அலை போல் சுருண்டு எழுந்தது, உருளையில் அப்பிக்கொண்டு வந்தது. அந்தோணியம்மா செருப்பில்லாத காலால் அதை மிதித்தார், குதிகால் இறங்கியது. பிறகு பத்தடி நடந்துபோய், காலையில் உருட்டிய தளத்தை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

அப்போது முனுசாமி இறங்கி வந்து என் காதருகே சொன்னார்: "சார், ரெண்டு மூட்ட சிமெண்ட மேல தூவி, தண்ணிய உறிஞ்ச விட்டு உருட்டிடலாம். மேலுக்கு ஒண்ணும் தெரியாது. நாலாவது லோடும் பொழச்சிக்கும். புதன்கெழம வண்டி போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. என் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார். மணி 10.41. அவர் சொன்னபடி செய்தால் அறுபது மீட்டரும் முடியும், பள்ளம் இருக்காது, நான் பொய்யனாக மாட்டேன். ஒரு மழைக்காலம் போன பிறகு அந்த எட்டு மீட்டர் பெயரத் தொடங்கும்போது நான் வேறு ஊரில் இருப்பேன். அந்த நினைப்பு எனக்கு வந்தது. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "10.41 முதல் 10.43 வரை யோசித்தேன்."

அந்தோணியம்மாவிடம் போனேன். "அம்மா, இந்த எட்டு மீட்டரையும், நேரம் தாண்டிப்போன மிச்ச ரெண்டு மீட்டரையும் அள்ளி எடுக்கப்போறேன். எடுத்து முடிக்கறதுக்குள்ள லாரில இருக்கறதும் செத்துடும். பாலத்தடியில இருபது மீட்டர் கொறயும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி அதப் போட முடியாது."

"புதன்கெழம எங்க பாடு. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ வண்டி?"

"அதுக்கு வேற வழி பாக்கணும்."

"இன்னா வழி?"

"இப்போ தெரியல."

அவர் என்னை நன்றாகத் திட்டினார். வார்த்தைகளை எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. திட்டி முடித்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, இறால் கூடை ஒன்றை எடுத்துவந்து கஞ்சியை அள்ளத் தொடங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். 10.50க்கு நாலாவது லோடைத் திருப்பி அனுப்பினேன். 11.20க்குள் பத்து மீட்டரும் சுத்தமாகிவிட்டது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, ஐந்தாவதையும் ஆறாவதையும் போட்டு, 12.40க்கு உருட்டி முடித்தோம். முனுசாமி என்னைக் கேட்காமலேயே ரோலரை எடுத்தார். நானும் தடுக்கவில்லை.

பாலத்தடியில் இருபது மீட்டர், ஒரு சாண் ஆழம், பள்ளம். ஏரியில் தண்ணீர் ஏறும்போது அடியில் கசிவு வரும் இடம் அது. வண்டி இறங்கினால் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஏரிக்கரையில் கிளிஞ்சல் குவியல் ஒன்று வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்புக்குளம் என்ற ஊரின் சுண்ணாம்புச் சூளைக்குப் போக வேண்டியது. அந்தோணியம்மாவைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் வலையில் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் குடம் ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து கடனாக வந்த தண்ணீரோடு நின்றது.

"அந்தக் கிளிஞ்சல் யாருது?"

"எங் கொழுந்தன்து. ஏன்?"

"பள்ளத்துல கொட்டி ரோலர் விட்டா வண்டி போவும்."

"கிளிஞ்சல் மேல வண்டியா? நொறுங்கிடும், சாரு."

"நொறுங்கட்டும். நொறுங்கினாதான் இறுகும். வெள்ளிக்கெழம தோண்டி எடுத்து அப்படியே திருப்பித் தந்துடறேன். சூளைக்கு முழுசா இருந்தா என்ன, தூளா இருந்தா என்ன?"

வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "கேட்டா குடுக்க மாட்டான். எட்த்துக்குனு அப்பறமா சொல்லிக்கலாம்" என்று எழுந்தார்.

பாதி டிராக்டரில் வந்தது, பாதி கூடையில் வந்தது. கொழுந்தன் நடுவில் வந்து கூச்சல் போட்டார். அண்ணி அவர் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார். அடுக்கடுக்காகக் கொட்டி முனுசாமி உருட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். அதைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். டேங்கர் வந்ததும் எங்கள் பங்குத் தண்ணீரில் பன்னிரண்டு குடத்தை முதலில் வீடுகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் தளத்துக்குத் தெளித்தோம்.

அலுவலகத்தில் நான் இரண்டு லோடுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. "தளத்தில் தகவல் குறைபாடு, பொறுப்பு என்னுடையது" என்று எழுதினேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் சாலை போட்டாலும், முதல் லோடு இறங்கியதும் அந்தத் தெருவில் வீடு இருக்கிற யாரையாவது கூப்பிட்டு, ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். நீங்களும் செய்யுங்கள். கலவையின் ஈரத்தைப் பார்க்க நம்மிடம் கருவி இருக்கிறது. அவர்களுக்கு அவர்கள் கைதான் சாட்சி. இன்னொன்று: உருட்டத் தெரிந்தவரை உருட்ட விடுங்கள். கூட நிற்பது உங்கள் வேலை; நீங்கள் வந்து நிற்கும்வரை காத்திருப்பது அவர் வேலை இல்லை.

புதன்கிழமை 7.20க்கு ஐஸ் வண்டி பாலத்தில் வந்து நின்றது. ஐஸ் பெட்டிகள் ஏற்றிய, குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. படகுகள் முகத்துவாரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருப்பது கரையிலிருந்தே தெரிந்தது. வண்டிக்காரர் கிளிஞ்சலைப் பார்த்தார், அதற்கப்பால் ஈரச் சாக்கு போர்த்தியிருந்த தளத்தைப் பார்த்தார், எஞ்சினை நிறுத்தினார்.

"ரெண்டு நாள் ரோட்டுல நான் ஏத்த மாட்டேன். போன ரோட்ல என் முன்சக்கரம் உள்ள பூட்ச்சி. எங்கப்பன் வண்டி இது, என்து இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணியம்மா வண்டிக்கு முன்னால் வந்து, வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்.

"வா. நான் முன்னால நடக்கறேன். உள்ள போனா நான்தான் மொதல்ல போவேன்."

"நீ எவ்ளோ எட, வண்டி எவ்ளோ எட? யாருகிட்ட கத உடற?"

"வண்டிய விட நான்தான் எட. வா, நைனா."

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். கிளிஞ்சல் மேல் இறங்கியபோது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து ஏறியது. பெண்கள் முன்னால் ஓடி ஓடிச் சாக்குகளை விலக்கினார்கள். நான் ஓரமாகக் குனிந்தபடி கூடவே ஓடினேன், சக்கரம் போகிற இடத்தையும் ஓரம் வெட்டிச் சேர்த்த இணைப்பையும் பார்த்துக்கொண்டு. வண்டி இணைப்பைத் தாண்டியது. நான் மண்டியிட்டு, கைக்குட்டையால் துடைத்து, முகம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். விரிசல் இல்லை. விரல் நகத்தால் நெருடினேன். இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து பார்க்கலாம் என்று மறுபடியும் ஓரத்திலிருந்து தொடங்கினேன்.

துறையில் சத்தம் கேட்டது. முதல் படகு கரை சேர்ந்திருந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் சாரு!" அந்தோணியம்மாவின் குரல் அங்கிருந்தே வந்தது. இரண்டு கையிலும் எதையோ தூக்கிக் காட்டினார். வெயிலில் கண்ணாடித் துண்டுகள் மாதிரி மின்னியது. "எவ்ளோ நேரம்யா ரோட்டையே மோந்துனு இருப்ப? இந்தாண்ட வா. எறாவப் பாரு, உயிரோட கீது!"

எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, சாலையின் நடுவிலேயே நடந்து போனேன்.